அறுபத்து மூன்றாம் கம்பத்தின் நெபுலா

ஐப்பசி அடைமழை நாலு நாள் விடாமல் கொட்டி, ஐந்தாம் நாள் சாயங்காலம் மூச்சு வாங்கிக்கொள்ள நின்ற வேளையில், வானத்தில் அன்ன மண்டலத்தின் சிறகோரம் இருந்திருக்க வேண்டிய ஒரு நெபுலா, அதாவது எந்தக் காலத்திலோ வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சப் புகை, வெண்பாறை சிமெண்ட் ஆலைக் குடியிருப்பின் அறுபத்து மூன்றாம் விளக்குக் கம்பத்தடியில் வந்து நின்றது. அத்தனை பெரிய வானத்தை விட்டுவிட்டு அது ஏன் இங்கே வந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. வெண்பாறைக்காரர்களுக்கு அதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன. முதலில் யார் பார்ப்பது, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தனி வரிசை உண்டா, பார்த்துவிட்டு வந்தால் தலைக்குக் குளிக்க வேண்டுமா என்பவை அவற்றில் சில.

அந்தக் குடியிருப்பில் இருநூற்றுப் பதினான்கு விளக்குக் கம்பங்கள். எல்லாம் சோடியம் விளக்குகள், மஞ்சள் என்றால் மஞ்சள், காமாலைக் கண் மஞ்சள். ஆலையின் தூசி அந்த வெளிச்சத்தைப் பிடித்து ஊருக்கு மேலே ஒரு கூரையாகக் கட்டி வைத்திருந்ததால் வெண்பாறைக்கு ராத்திரி என்ற ஒன்று வந்ததே இல்லை, சேவல்கள் நினைத்த நேரத்தில் கூவின, பள்ளிக்கூடத்தில் இரவு வானம் வரையச் சொன்னால் பிள்ளைகள் மஞ்சள் பென்சிலை எடுத்துத் தாள் முழுக்கத் தேய்த்துவிட்டு நிலாவுக்கு மட்டும் வெள்ளை விட்டார்கள்.

இந்த விளக்குகளை அணையாமல் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் வேலையில் இருந்த கலியமூர்த்திக்கு, இந்த விளக்குகளைத் தாண்டி வானத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது என்பதுதான் வேடிக்கை. பகலெல்லாம் ஏணியும் கையுமாக விளக்கை எரிய வைத்துவிட்டு, சாயங்காலம் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் குழாய்க்குள் எட்டங்குலக் கண்ணாடி பொருத்திய தன் தொலைநோக்கியின் முன்னால் உட்கார்ந்து அதே விளக்குகளைத் திட்டுவான். அப்புறம் ஒரு நாள் தபாலில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஃபில்டர் என்ற ஒரு கண்ணாடி வில்லை, சாய்த்தால் செம்பு நிறம், நிமிர்த்தினால் பாசிப் பச்சை. கண் வைக்கும் வில்லையின் அடியில் அதைத் திருகிவிட்டால் மஞ்சள் வெளிச்சத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நெபுலாவின் பச்சையை மட்டும் உள்ளே விடும் என்றான்.

"அப்ப வெளிச்சத்தைக் கூட்டித் தருமா?" என்று கேட்டாள் அவன் மனைவி செங்கமலம்.

"எதையும் கூட்டாது. மத்ததையெல்லாம் கழிச்சுடும், அவ்வளவுதான். மிஞ்சுறது எதுவோ அதுதான் நமக்கு."

அதற்கும் சட்டதிட்டம் உண்டு. அரை மணி நேரம் இருட்டில் கண்ணைப் பழக்க வேண்டும். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய டார்ச். எல்லாவற்றையும்விட முக்கியம், நேராகப் பார்க்கக் கூடாது. மங்கலான பொருள் நேர்ப்பார்வைக்குக் கூச்சப்படும், பக்கத்தில் வேறு எதையாவது பார்ப்பதுபோல் இருந்தால் ஓரக்கண்ணில் தானாக வந்து நிற்கும் என்பான். செங்கமலம் இரண்டு முறை கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று எழுந்துவிட்டாள். "அரிசில கல்லு பொறுக்குறவ நான். நேரா பாக்காம எப்படிப் பாக்குறதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் இருவருக்கும் சண்டை. பெரிதாக ஒன்றுமில்லை, மாடியில் காய்ந்த துணியை மழைக்கு முன்னால் எடுக்கச் சொன்னாள், அவன் தொலைநோக்கியை மூடிவிட்டுத் துணியை விட்டுவிட்டான், இரண்டு வாளித் துணி நனைந்துபோனது. "அந்த வானத்தையே கட்டிக்கிட்டு அங்கயே போயிடுங்க, இங்க எதுக்கு இருக்கீங்க" என்றாள். அவன் சிரித்தான், பையை இடது தோளில் மாட்டினான், தோள் வழக்கம்போல ஒரு பக்கம் இறங்கிற்று, படியிறங்கிப் போனான். ஒரு மணி நேரத்துக்குள் அறுபத்து மூன்றாம் கம்பத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று ஆள் வந்தது.

ஆலை விசாரணை வைத்தது. கம்பத்தில் ஏற அன்றைக்குப் பர்மிட் இல்லை, புகார்ப் பதிவேட்டில் அந்தக் கம்பத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனுக்கு விளக்கு வெளிச்சம் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம், எனவே வானம் தெரிய வேண்டுமென்று விளக்குக்குத் தகர மூடி மாட்டப் போய்த்தான் விழுந்திருக்கிறான் என்று எழுதி முடித்தார்கள். செங்கமலமும் அப்படித்தான் நம்பினாள். தான் சொன்ன சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் அவன் கம்பத்தில் ஏறினான் என்று நம்பினாள். அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை அவனிடம் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் போதும், அதற்குப் பிறகு என்ன வந்தாலும் பரவாயில்லை என்று பன்னிரண்டு மாதம் சோற்றைப் பிசைந்தபடி நினைத்துக்கொண்டிருந்தாள்.

கருணை அடிப்படையில் அவளுக்கு எலக்ட்ரிக்கல் பிரிவிலேயே ஹெல்பர் வேலை கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்கு ஊர் விளக்கையெல்லாம் போடும் மெயின் சுவிட்சைத் தூக்கிவிடுவது அவள் பொறுப்பு. தூக்கினால் இருநூற்றுப் பதின்மூன்று விளக்குகள் எரியும். அறுபத்து மூன்று மட்டும் எரியாது. அந்தக் கம்பத்தில் யாரும் ஏறச் சம்மதிக்கவில்லை, ஏறச் சொல்ல ஃபோர்மேன் பாக்கியநாதனுக்கும் வாய் வரவில்லை. யாரோ அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

தலைத்திவசத்தன்று ஐயர் போன பிறகு, தொலைநோக்கியை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடு செங்கமலம் அதைத் துடைக்க மாடிக்குப் போனாள். துடைத்தவள் ஃபில்டரைத் திருகினாள், திருகியவள் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் குழாயில் அவன் சாக்பீஸால் போட்டு வைத்திருந்த அடையாளப்படி அதை வானத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அங்கே நெபுலா இல்லை. ஆள் கிளம்பிப் போன வீட்டைப்போல அந்த இடம் வெறுமையாக இருந்தது. சரி, இதுவும் போய்விட்டது என்று குழாயைக் கீழே சாய்த்தபோது அதன் வாய் அறுபத்து மூன்றாம் கம்பத்தின் பக்கம் திரும்பிற்று, எதிர் வீட்டுக் கைப்பிடிச் சுவரின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய ஓரக்கண்ணில் சோற்றுப் பானையைத் திறந்ததும் எழும் ஆவியளவுக்கு மெல்லிய பச்சைப் புகை ஒன்று, ஓர் ஆள் உயரத்துக்கு, இடது தோள் இறங்கி நின்றது. அந்தத் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். அதனால் அவன் தலை கீழே, கால் மேலே என்று விழுந்த மாதிரியே நின்றான். அவள் பயப்படவில்லை. நாலு நாள் மழையில் நனைந்திருப்பானே என்றுதான் முதலில் நினைத்தாள், பிறகு அழுதாள்.

துணி உலர்த்த மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு மரகதம் அக்கா தானும் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கலியன்தான். தோளு சொல்லுது" என்றாள். "பொண்ணைக் கூப்பிட்டுக் காட்டுனியா?"

மகள் பொற்கொடி கீழே பதினொன்றாம் வகுப்புப் பௌதிகப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். வரவில்லை என்றாள். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் ஒரு நாளும் மாடியேறவில்லை. அப்பா போனதிலிருந்து அவள் டியூஷனுக்கு அந்தக் கம்பத்து வழியே போவதையும் விட்டிருந்தாள், கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மைல் கூடுதலாகச் சைக்கிள் மிதித்தாள்.

மூன்றாம் நாள் ஊர் வந்துவிட்டது. மாடி பன்னிரண்டு பேருக்கு மேல் தாங்காது என்பதால் மற்றவர்கள் செங்கமலத்தின் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் கண்மூடி உட்கார்ந்தார்கள், வருஷக்கணக்கில் முகம் பார்க்காதவர்கள் முட்டிக்கு முட்டி இடித்தபடி உட்கார்ந்தார்கள், யார் பேசுகிறார்கள் என்று தெரியாததால் அந்த இருட்டில் மூன்று பழைய சண்டைகள் தீர்ந்தன, இரண்டு புதிதாக ஆரம்பித்தன. மேலே போய் நேராகப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர்கள்தான் கீழே இறங்கிவந்து மீசை தெரிந்தது, சட்டைப் பொத்தான் தெரிந்தது, என்னைப் பார்த்துக் கையாட்டினான் என்று சொன்னார்கள். சொன்னபடி ஓரமாகப் பார்த்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு படுத்தார்கள். இப்படி ஊரில் பேசாதவர்கள் பெருகினார்கள்.

ஓரக்கண்ணால் பார்க்கிற பழக்கம் மெல்ல மெல்லத் தெருவுக்கும் வந்துவிட்டது. முடி வெட்டுகிறவர் கண்ணாடியைப் பார்த்தபடி காதைக் கீறினார், மினி பஸ் கண்டக்டர் முன்சீட்டுக்காரரிடம் காசை வாங்கிப் பின்சீட்டுக்காரருக்குச் சீட்டுக் கிழித்தார், புருஷன் பெண்டாட்டிகள் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கிரகணத்துக்கென்று பரணில் போட்டு வைத்திருந்த எக்ஸ்ரே படங்களையும் வெல்டிங் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு கம்பத்தடிக்கே போனவர்கள் மாமனாரின் விலா எலும்பைத் தவிர வேறெதையும் காணாமல் திரும்பினார்கள். ஆலையிலிருந்து, அறுபத்து மூன்றாம் கம்பத்தடியில் காணப்படும் புகை ஆலையின் புகைபோக்கியைச் சேர்ந்தது அல்ல என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். காற்றை அளக்கிறவர்கள் வந்து குப்பியில் பிடித்துப் போய், வழக்கமான தூசிதான், அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதி அனுப்பினார்கள்.

அப்புறம் மரகதம் அக்கா வந்தாள். மழைத்தண்ணீர் நிறைந்த சுண்ணாம்புக்கல் குழியில் ஆறு வருஷத்துக்கு முன்னால் முழுகிப்போன தன் பிள்ளைக்காக, குழாயைக் குழிப் பக்கம் ஒரே ஒரு தடவை திருப்பச் சொன்னாள். செங்கமலம் திருப்பினாள். அக்கா அரை மணி பழக்கினாள், ஓரமாகப் பார்த்தாள், இந்த ஓரம் பார்த்தாள், அந்த ஓரம் பார்த்தாள். அங்கே தண்ணீர்தான் இருந்தது. அவளுக்குப் பிறகு பஸ் நிறுத்தத்துக்குத் திருப்பச் சொல்லி ஒருவர், ஆஸ்பத்திரிச் சாலைக்குத் திருப்பச் சொல்லி ஒருவர், ரயில்வே கேட்டுக்குத் திருப்பச் சொல்லி ஒருத்தி என்று வந்தார்கள். எங்கேயும் எதுவும் இல்லை. "உனக்கு மட்டும் குடுத்து வச்சிருக்கு" என்று மரகதம் அக்கா சொன்னதில் பொறாமை இல்லை, ஆனாலும் அன்றிலிருந்து அவள் ரசம் கொடுத்தனுப்புவதை நிறுத்திக்கொண்டாள்.

செங்கமலத்துக்கோ கொடுத்து வைத்த மாதிரியே இல்லை. சொல்ல வேண்டியதை மாடியிலிருந்து கத்திச் சொல்ல முடியாது. ஃபில்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தினமும் விளக்குப் போட்டதும் கம்பத்தடிக்குப் போனாள். அந்த வளைவில் அறுபத்து மூன்று எரியாததால் நல்ல இருட்டு, ஃபில்டரைக் கண்ணில் வைத்ததும் தூரத்து மஞ்சளெல்லாம் அணைந்துவிடும், ஓரத்தில் அவன் மெல்ல வருவான், இங்கே தலைகீழ் இல்லை, நேராக நிற்பான். "ஏங்க" என்று ஆரம்பிப்பாள். ஆரம்பித்ததும் முகம் தானாகத் திரும்பிவிடும். பதினேழு வருஷம் முகத்தைப் பார்த்துப் பேசியவளுக்கு மன்னிப்பை மட்டும் மதில் சுவரைப் பார்த்துக் கேட்க எப்படி வரும்? திரும்பியதும் அவன் இருக்க மாட்டான். இப்படி இருபது நாள் போனாள், இருபது நாளும் "ஏங்க" என்ற சொல்லோடு திரும்பி வந்தாள்.

அதோடு இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. புகை விரிந்தது. நெபுலா என்றால் விரிந்துகொண்டே போகும், விரிய விரிய மங்கும் என்று அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். முதல் நாள் தோளின் இறக்கம் வரை தெரிந்தவன் இப்போது ஆளா மூட்டையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குப் பரந்து போயிருந்தான். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

கார்த்திகைக்குக் குடியிருப்போர் நலச் சங்கம் ஒரு முடிவு எடுத்திருந்தது. சங்கத் தலைவர் தனக்கோடி நல்ல மனிதர், யாருக்கு எது நடந்தாலும் பந்தல் போடுகிறவர். கம்பத்தைச் சுற்றிச் சீரியல் செட், தரையில் ஆயிரத்தெட்டு அகல், ஆலை உபயமாக நாலு ஃபோகஸ் லைட், அப்போதுதான் கிழவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்காமல் நேராகவே பார்க்க முடியும் என்றார். ஊரே சரி என்றது. பக்தி வந்தால் விளக்கேற்றுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஊர் அது.

"வெளிச்சம் வந்தா அது தெரியாதுண்ணே. போயிடும்" என்றாள் செங்கமலம்.

"அதெப்படிம்மா போவும்? வெளிச்சம் போட்டாத்தானே எதுவும் தெரியும்?"

"இது அப்படி இல்லண்ணே."

"ஒத்த ஆளா இருட்டுல நிக்கிறாரு உன் வூட்டுக்காரரு. ஒரு விளக்கு வைக்காம விட்டா ஊருக்கு நல்லாவா இருக்கும்?" அவர் கண் கலங்கியே கேட்டார். ஃபோகஸ் லைட்டுக்கு வயர் இழுக்கும் வேலை எலக்ட்ரிக்கல் பிரிவுக்கு வந்தது, வயர் சுருளைத் தூக்கிக் கொடுக்கும் வேலை ஹெல்பர் செங்கமலத்துக்கு வந்தது.

கார்த்திகைக்கு முந்தின நாள் அவள் கம்பத்தடியிலிருந்து வெறுங்கையாகத் திரும்பி வந்தபோது பொற்கொடி மேசை விளக்கின் கீழே படித்துக்கொண்டிருந்தாள். செங்கமலத்துக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது.

"ஊரெல்லாம் வந்து பாக்குது, பெத்த பொண்ணு நீ ஒரு நாள் வரல. நாளைக்கு அதுவும் போயிடும். உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

பொற்கொடி புத்தகத்தை மூடவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, ஊரில் எல்லோரும் இப்போது பேசுகிற மாதிரியே, சொன்னாள்.

"அப்பா மூடி மாட்ட ஏறலம்மா."

"பின்ன?"

"அந்த லைட்டு பத்து நாளா எரியல. டியூஷன் விட்டு வர்றப்ப அந்த வளைவு பயமா இருக்குதுன்னு நான்தான் சொன்னேன். ரிஜிஸ்டர்ல எழுதிப் பர்மிட்டு வாங்க ரெண்டு நாளாவும், இன்னிக்கே போட்டுடுறேன் கண்ணுன்னாரு. அம்மாகிட்ட சொல்லாத, ஈரத்துல ஏறுனா திட்டுவான்னாரு."

செங்கமலம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். மேசை விளக்கின் வெளிச்சத்தில் மகளை நேராகப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் பெண் நாலு விரற்கடை வளர்ந்திருந்தாள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கீழுதட்டில் கடித்துக் கடித்துக் காய்த்துப்போன ஒரு தடம் இருந்தது. இதெல்லாம் எப்போது நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு வருஷமா இதை மனசுலயே வச்சுக்கிட்டா இருந்த?"

"நீ கேக்கலையேம்மா. முன்னாடி சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. இப்ப மாடியிலயே இருக்கிற."

இருவரும் அழுதார்கள். தனித்தனியாகத்தான் அழுதார்கள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒருத்தி மற்றவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் செங்கமலம் ஃபோர்மேன் பாக்கியநாதனின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"சார், அறுபத்து மூணு எரியல. பல்பு மாத்தணும். எனக்குப் பர்மிட்டு குடுங்க."

"ஏம்மா, வேணாம்மா. இன்னிக்கு நாளும் அதுவுமா, நீ போய் அதுல ஏறி..."

"பெல்ட்டு போட்டுக்கிறேன். ஏணியைப் பிடிக்க ரெண்டு ஆளு குடுங்க. காரணம்னு ஒரு இடம் இருக்குல்ல சார், அதுல விளக்கு எரியவில்லைன்னு எழுதுங்க. அவரு ஏறுனதும் அதுக்குத்தான். எம்பொண்ணு கேட்டுச்சு, அதுக்காக ஏறுனாரு."

பாக்கியநாதன் பேனாவை எடுத்தார். விளக்கு எரியவில்லை என்று எழுதினார். "அன்னிக்குக் கலியமூர்த்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் இதைத்தான் எழுதியிருப்பேன்" என்றார். பர்மிட்டைக் கிழித்து நீட்டியபடி, "விசாரணையில நானும் யாரையும் கேக்கல" என்றார்.

அன்று சாயங்காலம் ஆறேகாலுக்கு வெண்பாறையில் மெயின் சுவிட்ச் தூக்கப்படவில்லை, இருட்டிய பிறகு பல்பை மாட்டிவிட்டுத்தான் தூக்குவது என்று செங்கமலம் கேட்டு வாங்கியிருந்தாள். அந்த ஊருக்கு விவரம் தெரிந்த நாள்முதல் முதன்முறையாக, பௌர்ணமி நிலாவையும் மேகம் மூடிக்கொள்ள, ராத்திரி வந்தது, சின்னப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஏற்றாத அகல்களும் தீப்பெட்டிகளுமாகச் சனம் கம்பத்தைச் சுற்றி நின்றது. செங்கமலம் தன் வெள்ளெழுத்துக் கண்ணாடியின் இடது வில்லைமேல் ஃபில்டரை வைத்து இன்சுலேஷன் டேப்பால் ஒட்டியிருந்தாள், மணிக்கட்டில் அவனுடைய சிவப்பு டார்ச். பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படியாக, கையை விட்டுக் காலை வைத்து, காலை விட்டுக் கையை வைத்து, அவன் ஏறிய வழியே ஏறினாள்.

மேலே போய்ப் பெல்ட்டைக் கம்பத்தோடு பூட்டினாள். பழைய பல்பு துரு ஏறித் திரும்ப மறுத்தது. சிவப்பு வெளிச்சத்தில் வலது கண்ணால் ஹோல்டரைப் பார்த்தபடி துணியைச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தபோது, இடது கண்ணின் ஓரத்தில் புகை மேலேறி வந்தது. அது அவள் பக்கத்தில், ஒரு கம்பத்தில் இரண்டு பேர் வேலை பார்த்தால் எவ்வளவு நெருக்கமாக நிற்பார்களோ அவ்வளவு நெருக்கத்தில், இடது தோள் இறங்கி நின்றது. கண்ணெல்லாம் வேலையில் இருந்தது, வேலையில் இருக்கும்போது யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை, அதனால் அவளுக்கு அன்றைக்குப் பேச வந்தது.

"ஏங்க" என்றாள் ஹோல்டரைப் பார்த்து. "அன்னிக்கு அங்கயே போயிடுங்கன்னு சொன்னேன்ல. அது வாயில வந்தது. மனசுல அது இல்ல. போவாதீங்கன்னுதான் மனசுல இருந்துச்சு."

பழைய பல்பு கழன்று வந்தது. அதை இடுப்புப் பையில் போட்டாள்.

"பொண்ணு பயந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம். திட்டியிருக்க மாட்டேன்."

புதுப் பல்பை ஹோல்டரில் வைத்துத் திருகினாள்.

"திட்டியிருப்பேன்தான்" என்றாள். "திட்டியிருந்தா அன்னிக்குப் போயிருக்க மாட்டீங்க."

ஒரே ஒரு தடவை திரும்ப வேண்டும்போல் இருந்தது. கழுத்து நரம்பு இழுத்தது, அந்தப் பக்கத்துக் கன்னம் குளிர்ந்தது, திரும்பினால் ஒரு கணம் முகம் தெரிந்துவிடும் என்று தோன்றிற்று. அவள் பல்பின் அடியையே பார்த்துக்கொண்டு கடைசிச் சுற்றை முடித்தாள். ஓரக்கண்ணில் அவன் இருந்தான், அவளுக்கு அது போதவில்லை, ஆனால் அவ்வளவுதான் கிடைத்தது. பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள்.

நடந்துபோய் மெயின் சுவிட்சைத் தூக்கினாள். சோடியம் விளக்கு எடுத்த எடுப்பில் எரியாது. முதலில் ரோஜா நிறத்தில் ஒரு முணுக்கு, அப்புறம் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, முழு மஞ்சளாக ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷமும் அவள் சுவிட்ச் அறையிலேயே கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே கம்பத்தடியில் அகல்கள் எரிந்தன, சீரியல் செட் ஓடிற்று, நாலு ஃபோகஸ் லைட்டும் தரையைச் சுட்டன. அறுபத்து மூன்றாம் விளக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு எரிந்தது. நேராகப் பார்த்த அத்தனை பேரும் ஜோதியைக் கண்டதாகச் சொன்னார்கள், தனக்கோடி கற்பூரம் காட்டினார், மரகதம் அக்கா மட்டும் எதையும் பார்க்காமல் குழிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சத்தமாக அழுதாள். இருநூற்றுப் பதினான்கு விளக்குகளும் சேர்ந்து வானத்தை மூடின.

மறுநாள் சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டு வந்து செங்கமலம் மாடிக்குப் போனாள். தொலைநோக்கியைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள், காலையில் பள்ளிக்கூடத்து ஆள் வரும். ஃபில்டரை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். கண்ணில் வைத்தாள். மஞ்சளெல்லாம் அணைந்தது, தெருவெல்லாம் அணைந்தது, ஊரே இல்லாமல் போயிற்று. அறுபத்து மூன்று இருக்குமிடத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், அரை மணி நேரம் பார்த்தாள். ஒன்றுமில்லை. மரகதம் அக்கா குழியில் கண்டதைத்தான் அவளும் கண்டாள்.

கண்ணை எடுக்கப்போன நேரத்தில் வளைவில் பச்சையாக ஒரு பொட்டு தெரிந்தது. ஃபில்டர் கழிக்காமல் விட்ட ஒரே வெளிச்சம் அது, ஆடிக்கொண்டே அறுபத்து மூன்றாம் கம்பத்தைத் தாண்டி வந்தது. பொற்கொடியின் சைக்கிளில் மாட்டியிருந்த வெள்ளை விளக்கில் கலந்திருந்த பச்சை அது. கோயில் தெருவைச் சுற்றாமல் நேர்வழியில் வந்துகொண்டிருந்தாள். செங்கமலம் ஃபில்டரைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, மகள் வாசலில் வந்து இறங்கும்வரை அவளை நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.